காணும் பொங்கலுக்கு மங்களம் தனியாகப் போவாள்

காணும் பொங்கலன்று அயனம்பாக்கத்தில் எங்கள் தெருவே காலியாகிவிடும். புளிசாதம், பாய், தண்ணீர் பாட்டில், பிள்ளை குட்டி என்று ஒவ்வொரு வீடும் மொத்தமாகக் கிளம்பும். குடும்பத்தோடு போனால்தான் அது காணும் பொங்கல். இந்த வழக்கத்தில் எதிர்வீட்டு மங்களம் மட்டும் சேர்த்தி இல்லை. அரக்குக் கலர் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்து, கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் தனியாகப் போவாள். போனை வீட்டிலேயே சார்ஜில் போட்டுவிட்டுப் போவாள்.

தெரு சும்மா இருக்குமா? புருஷனோடு சண்டை என்றார்கள். ஆவடியில் யாரோ இருக்கிறார்கள் என்றுகூடச் சொன்னார்கள். கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சண்டையும் இல்லை, ஆளும் இல்லை. அவள் வீட்டுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தால் போதும், விஷயம் புரிந்துவிடும். ஒரு ஹால், ஒரு ரூம், அதற்குள் அத்தனை பேர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அங்கேயும் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். குளிக்கப் போனால்கூட, துண்டு எங்கே, சட்டை எங்கே என்று யாராவது கதவைத் தட்டுவார்கள்.

முதல் தடவை அவள் தனியாகப் போனது கோபத்தில்தான். டிவி முன்னால் சாய்ந்திருந்த அவள் புருஷன், "எனக்கு கால் நோவுது, நீ வோணா போ" என்றிருக்கிறான். விடுவிடுவென்று போய்விட்டாள். திரும்பி வரும்போது கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ருசி கண்டுவிட்டாள்.

நான் அந்தத் தெருவில் டியூஷன் எடுப்பதால் எல்லாருக்கும் டீச்சர். மொட்டை மாடியில் துணி எடுக்க வரும்போது அவள் சொல்வாள். பூந்தமல்லியில் ஒரு ஹோட்டலில் ஃபேனுக்குக் கீழே இடம் பார்த்து உட்கார்ந்து, ஒரு நெய் ரோஸ்ட். "ஓரத்துலேந்து பிச்சி பிச்சி மெதுவா துன்னுவேன் டீச்சர். யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க." அப்புறம் பஸ் ஏறி, ஆவடியில் மைதானத்தில் போடும் பொருட்காட்சி. மேஜிக், டான்ஸ், பாட்டுக் கச்சேரி, எது நடந்தாலும் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். "இன்னா பாத்தேன்னு கேட்டா சொல்லத் தெரியாது. கனா மாரி இர்க்கும்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

இந்த வருஷம் அந்த நாளுக்கு ஆபத்து வந்தது, அதுவும் ஒரு நல்ல மனசால். ஆவணியில் மகன் உதயகுமாருக்குக் கல்யாணமாகி, சுவேதா மருமகளாக வந்திருந்தாள். பூந்தமல்லிப் பெண், தங்கமான குணம். மாமியார் புடவைக்கு இஸ்திரி போடுவதைப் பார்த்துவிட்டுப் புருஷனிடம், "அத்த ஒண்டியாவா போறாங்க? பாவம்ங்க. நம்ம எல்லாருமே போலாம்" என்று சொல்லிவிட்டாள். இத்தனை வருஷம் தோன்றாதது மகனுக்கு அப்போதுதான் தோன்றியது. உடனே கார் பேசிவிட்டான்.

மங்களம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"எல்லாரும் வராங்களாம் டீச்சர்."

"வேணாம்னு சொல்லிடறதுதானே?"

"எப்டி சொல்றது? அந்தப் பொண்ணு அவ்ளோ ஆசையா கேக்குது. ஆனா இந்த வருசம் வந்துட்டாங்கன்னா அப்பறம் வருசா வருசம் வருவாங்க. என் நாளு போச்சு."

கண் கலங்கியிருந்தது. வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் கேட்கிறாள், அதையும் பாசம் வந்து பிடுங்கிக்கொண்டால் அவள் யாரிடம் போய் முறையிடுவாள்?

கார் ஏறிப் போனார்கள். அதே ஹோட்டல். சர்வர் வந்ததும் உதயகுமார், "அம்மாக்கு ரெண்டு இட்லி. அவங்களுக்கு எண்ணெ ஒத்துக்காது" என்றான். மங்களம் இட்லி சாப்பிட்டாள். பொருட்காட்சி வாசலில், கூட்டத்தில் தொலையாமல் இருக்கக் குழந்தைகள் கையில் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள் போலீஸ்காரர்கள். "எங்கம்மாக்கும் ஒண்ணு கட்டுங்க சார்" என்றான் உதயகுமார். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். ராட்டினத்துக்குக் கீழே எல்லாருடைய பையையும் சுமந்துகொண்டு நின்றது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ராட்டினம் இறங்கிப் பைகளை வாங்கிக்கொண்ட பிறகு உதயகுமார் சொன்னான்: "நாங்க போய் டெல்லி அப்பளம் வாங்கினு வரோம். நீ இங்கியே நில்லும்மா, எங்கியும் பூடாத."

நின்றாள். எதிரே ஒரு பெரிய கூடாரம், அதன் வாயிலிருந்து நீல வெளிச்சம் வழிந்துகொண்டிருந்தது. கடல்கன்னி என்று போர்டு. கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விட்டது என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறாள். கூட்டம் ஒன்றும் தள்ளவில்லை. கால் தானாகப் போயிற்று.

உள்ளே கண்ணாடிச் சுரங்கம். தலைக்கு மேலே மீன்கள் போய்க்கொண்டிருந்தன. போகிறவர்கள் வருகிறவர்கள் முகமெல்லாம் நீலமாக இருந்தது. ஒரு திருப்பத்தில் அந்தக் கடல்கன்னி வந்தாள். இடுப்புக்குக் கீழே வெள்ளியாக வால், முடி தண்ணீரில் விரிந்து விரிந்து மூடியது. மேலே போனாள், புரண்டாள், அவசரமே இல்லாமல் இறங்கி வந்து கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். மங்களமும் இந்தப் பக்கம் கையை வைத்தாள். கண்ணாடி சில்லென்று இருந்தது. பின்னால் ஆட்கள் செல்பி எடுத்துவிட்டு நகர்ந்துகொண்டே இருந்தார்கள். அவள் நகரவில்லை. தானும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது வெகுநேரம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் வெளியே மைக்கில் கேட்டது. "அயனம்பாக்கத்திலிருந்து வந்திருக்கும் மங்களம் அம்மா, எங்கிருந்தாலும் மேடைக்குப் பக்கத்தில் வரவும். உங்கள் மகன் காத்திருக்கிறார்."

கூப்பிட்டால் போயே பழகிய உடம்பு, ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டது. மறுபடி கூப்பிட்டார்கள். கண்ணாடிக்குள் இருந்தவள் காதில் எதுவும் விழவில்லை. குமிழ் விட்டுக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, அவள் பாட்டுக்கு மிதந்துகொண்டிருந்தாள். "அந்தப் பேரு வேற யாரோட பேரோ மாரி இர்ந்திச்சி டீச்சர்" என்றாள் மங்களம். எடுத்து வைத்த காலைப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் முறை கூப்பிட்டபோது சுரங்கத்தின் வாயில் சுவேதா நின்றாள். ஓடி வந்திருந்தாள், மூச்சு வாங்கியது. கூப்பிடக் கையைத் தூக்கியவள் மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். அப்படி ஒரு முகத்தை அந்த வீட்டில் அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள். கண்ணும் கண்ணும் சந்தித்தன. சுவேதா கையை மெதுவாக இறக்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி மைக். "மங்களம் அம்மா கிடைத்துவிட்டார். யாரும் தேட வேண்டாம்."

மங்களம் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். உதயகுமாரிடம் சுவேதா, அத்தை தெரிந்தவர்களோடு இருக்கிறார்கள், பஸ்ஸில் வந்துவிடுவார்கள் என்று சொல்லி எல்லாரையும் காரில் ஏற்றியிருந்தாள். மங்களம் ஆற அமரப் பாட்டுக் கச்சேரியும் பார்த்துவிட்டு வந்து சேர்ந்தாள்.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸுக்காக அவள் தெருமுனையில் நின்றாள். நான் பால் வாங்கிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். அவள் மறந்து வைத்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு சுவேதா ஓடி வந்தாள். கொடுத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அத்த, அடுத்த வருசம் காணும் பொங்கலுக்கு நா இவரு, மாமா எல்லாரையும் எங்கம்மா ஊட்டுக்கு இட்டுகினு பூடறேன். நீங்க போய்ட்டு வாங்க."

மங்களம் அவளைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"உனுக்கு?"

"எனுக்கு இன்னா அத்த?"

"உனுக்கு எந்த நாளு?"

சுவேதா சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. ஆவணியிலிருந்து அந்த ஒற்றை ஹாலுக்குள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் தெருவென்றும் பாராமல் விம்மிக்கொண்டு வந்தது. பஸ் வந்து நின்றது, டிரைவர் ஹாரன் அடித்தார், உள்ளேயிருந்து யாரோ மங்களத்தின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மங்களம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கமாக நடந்தாள். அந்தத் தெருவில் அவள் பஸ்ஸைத் தவறவிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.