ஃபோம் அடித்த ஷெட்டில் ஆயுஷ்ஹோமம்

வெங்கடகிருஷ்ணனுக்குப் பயப்படுவதுதான் உத்தியோகம். ஹூஸ்டனில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டர். யாரோ எழுதின புரோகிராம் எங்கெங்கே உடைந்து விழும் என்று முன்கூட்டியே யோசித்துச் சொல்லச் சம்பளம் கொடுக்கிறார்கள். ஆபீசில் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுப்பான். வீட்டுக்கு வந்தால் அதே பயத்தை வாய்க்குள்ளேயே மென்று முழுங்கிவிடுவான். எதிரே இருக்கிறவர் முகம் சுருங்கிவிட்டால்? அந்தப் பயம் அவனுக்கு எல்லாப் பயத்தையும்விடப் பெரிசு. நல்ல பிள்ளை என்று பேர் வாங்கியே நாற்பதைத் தாண்டிவிட்டான், பாவம்.

ஊரை ஒட்டின பேர்லேண்டில், இதைக் கட்டாதே அதைக் கட்டாதே என்கிற அசோசியேஷன் தொல்லை இல்லாத ஓரத்துத் தெருவில் அவன் வீடு வாங்கினதே பின்பக்கம் ஒரு ஷெட் போடத்தான். மரவேலைப் பைத்தியம். கம்பங்களை மண்ணில் நட்டு, தகரம் போர்த்தி, சிமெண்ட் தரையும் போட்ட பிறகுதான் தெரிந்தது, டெக்சஸ் வெயிலில் அதற்குள் நிற்பதும் இட்லிப் பானைக்குள் நிற்பதும் ஒன்று என்று. ஆள் வைத்துச் சுவர், கூரை எல்லாவற்றிலும் ஸ்ப்ரே ஃபோம் அடித்தான். பீய்ச்சினதும் புசுபுசுவென்று பொங்கி, இண்டு இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டு மஞ்சளாய் இறுகிப்போயிற்று. ஜன்னலில் ஒரு ஏசி. அடடா, உள்ளே போனால் ஊட்டிதான்!

ஃபோமுக்கு மேல் ட்ரைவால் என்கிற, சட்டென்று தீப்பிடிக்காத ஜிப்சம் பலகை அடித்து மூட வேண்டும். மூடுகிறவரை உள்ளே நெருப்பே கூடாது என்று ஃபோம் அடித்தவர் சொல்லிவிட்டுப் போனார். நம்ம ஆள் அதோடு விடுவானா? மூடாத ஃபோம் சுவர் பற்றி எரிகிற வீடியோவைத் தேடிப் பிடித்துத் திரும்பத் திரும்பப் பார்த்தான். ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் தீ கூரைக்குப் போய்விட்டது. அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ட்ரைவால் ஆட்கள் வருவதற்குள் மகள் தீக்ஷாவின் ஆண்டு நிறைவு வந்துவிட்டது. கருக் கலைந்து கலைந்து போய், டாக்டர் டாக்டராக அலைந்து, கடைசியில் தங்கின குழந்தை. மாமியார் விசாலாக்ஷி, மாமனாரையும் கூட்டிக்கொண்டு மாம்பலத்திலிருந்து பறந்து வந்ததே பேத்திக்கு ஆயுஷ்ஹோமம் பண்ணத்தான். வீட்டுக்குள் பண்ணலாம் என்றால் ஸ்மோக் அலாரம். போன வருஷம் ஒரு சிநேகிதர் வீட்டு ஹோமத்துக்கு அழைக்காமலே ஃபயர் எஞ்சின் வந்து நின்றது. கராஜ் முழுக்கப் பலகை அடுக்கியிருந்தது. வெளியே விடாத மழை.

“மாப்பிள்ளை, உங்க ஷெட் ஜில்லுனு இருக்கே! எத்தனை பேர் வந்தாலும் உட்காரலாம். அங்கேயே பண்ணிடலாமே?” என்றாள் விசாலாக்ஷி.

வெங்கட்டுக்கு அந்த வீடியோ ஞாபகம் வந்தது. “இன்னும் வேலை முடியலை மாமி...”

“அதனால என்ன? ஸ்வாமி காரியம் நடந்தா வேலையும் தானா முடிஞ்சிடும்.”

ஃபோம் தீப்பிடிக்கும் என்று ஒரு வார்த்தை. சொன்னால் என்ன ஆகிவிடும்? மாமியின் முகத்தைப் பார்த்தான். அத்தனை சந்தோஷம். “சரி மாமி,” என்று சொல்லிவிட்டு, மனைவி மாளவிகாவுக்குக்கூடத் தெரியாமல் கடைக்குப் போய்த் தீயணைப்பான் வாங்கிவந்து மூலையில் வைத்தான். ஹோமகுண்டத்துக்கு மணல் பரப்பி, செங்கல்லை அவனே அடுக்கினான். தன் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீரும் வைத்துக்கொண்டான். சின்னத் தீ, சீக்கிரம் முடிந்துவிடும் என்று தன்னையே சமாதானம் பண்ணிக்கொண்டான்.

காலையில் ஷெட் நிறைய ஜனம். கொசு வருகிறதென்று யாரோ பெரிய கதவை இறக்கிவிட்டார்கள். மிச்சம் இருந்தது பக்கவாட்டுச் சின்னக் கதவு ஒன்றுதான், அதுவும் விருந்தாளிகள் முதுகுக்குப் பின்னால். உள்கோடியில், மஞ்சள் சுவரை ஒட்டினாற்போல், மாளவிகா தீக்ஷாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் அவன்.

சாஸ்திரிகள் மந்திரம் சொல்லி நெய் விட்டார். தீ நாக்கை நீட்டியது. சமித்துக் குச்சி ‘பட்’டென்று வெடித்தது, பொறி கிளம்பிக் கூரைப் பக்கம் போய் அணைந்தது. வெங்கட்டின் வேஷ்டி வியர்வையில் நனைந்தது. மந்திரம் திருப்பிச் சொல்ல வேண்டிய இடங்களில் உதடு மட்டும் அசைந்தது. கண் ஒவ்வொரு பொறியையும் தொடர்ந்து போய்ப் போய் வந்தது. குழந்தை பொறியைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தாள். 

“பூர்ணாஹுதி! எல்லாரும் எழுந்து நில்லுங்கோ!” என்றார் சாஸ்திரிகள். பட்டுத்துணியில் கொப்பரை கட்டின மூட்டை வந்தது. ஒரு சொம்பு நெய் வந்தது. மொத்தமும் விழுந்தால் தீ ஆள் உயரம் எழும்பும். கூரை எவ்வளவு உயரம் என்று அவனுக்குத் தெரியும், அவன் போட்ட கூரைதானே!

பேத்திக்காக நானே போடுகிறேன் என்று மாமி மூட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு குனிந்தாள்.

என்ன செய்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. வாளியைத் தூக்கி மொத்தத் தண்ணீரையும் அக்னியின் தலையில் கொட்டினான்.

உஸ்ஸென்று சாம்பல் கிளம்பியது. ஷெட் முழுக்கப் புகை. குழந்தை வீரிட்டாள். சாஸ்திரிகள் முகத்தில் ஈயாடவில்லை.

“அடப்பாவி!” என்று மாமி அலறினாள். மாப்பிள்ளைக்கான மரியாதையெல்லாம் அந்தப் புகையோடு போயிற்று. “குழந்தை ஆயுசுக்கு வளர்த்த அக்னிடா அது! அதையா அணைச்சே?”

அவன் “தீப்பிடிச்சிடும்... ஃபோம்...” என்று குழறினான். யாரும் சுவரைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தார்கள். எங்கும் எதுவும் பற்றியிருக்கவில்லை. பரிகாரமாக இன்னொரு நாள் பார்த்துச் செய்துவிடலாம் என்று சாஸ்திரிகள் மெதுவாகச் சொன்னார். ஜனங்கள் பேருக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

சாயங்காலம் மழை விட்டது. தீக்ஷா இரண்டு தும்மல் தும்மினாள். வெங்கட் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். கொஞ்சம் சூடோ? புகையா, இல்லை, ஐயோ, தான் அணைத்த அந்த அக்னியா? மாமி அவன் கையை விலக்கிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பூஜை அறைக்குப் போய்விட்டாள்.

ஷெட் வாசலில் வெட்டிப் போட்டிருந்த ஃபோம் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு டிரைவ்வேயில் போய் நின்றான். இன்னொரு கையில் லைட்டர். கொளுத்திப் பார்த்தால் தன் பயம் நிஜமா என்று தெரிந்துவிடும். கொளுத்தத்தான் முடியவில்லை. எரியாவிட்டால் பெற்ற பெண்ணின் ஆயுசை ஒன்றுமில்லாததற்காக அணைத்தவன் ஆவான். எரிந்தால்? அதை நினைக்கவே அவனுக்குத் தைரியம் இல்லை.

மாளவிகா வந்தாள்.  லைட்டரைப் பிடுங்கினாள். துண்டைத் தரையில் போட்டு ஓரத்தில் தீயைக் காட்டினாள்.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பின்னால் நகர்ந்தார்கள். குப்பென்று மொத்தத் துண்டும் தீயாகிவிட்டது. கறுப்புப் புகை தொண்டையைக் கமறியது. கொஞ்ச நேரத்தில் அங்கே பிசுபிசுவென்று ஒரு கரி மட்டும் கிடந்தது.

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. “பார்த்தியா? நான் சொன்னேனே!” என்றான்.

மாளவிகா அந்தக் கரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எப்பத் தெரியும் உனக்கு?”

“எது?”

“இப்படி எரியும்னு.”

“ஃபோம் அடிச்ச அன்னிக்கே.”

“தெரிஞ்சுண்டா அவளை அந்தச் சுவர்கிட்ட உட்கார வெச்சே? முடியறவரைக்கும் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துண்டு இருந்தே?”

“மாமி வருத்தப்படுவாளேன்னு...”

அவள் கத்துவாள் என்று நினைத்தான். கத்தவில்லை. அவனை இப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறவள் போலப் பார்த்தாள். 

“இன்னும் என்னென்ன தெரிஞ்சுண்டு சும்மா இருக்கே, வெங்கட்?”

 “கார்ல அவளோட சீட்,” என்று அவன் ஆரம்பித்தான். “உங்கப்பா ஆசையா மாட்டினார் இல்லையா, அது சரியா லாக் ஆகலை.”

மாளவிகா அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அப்புறம்?” என்றாள்.