ஆடு கடித்த கீரை

ஆந்திராவுக்கு அரிசி கடத்துவதைத் தடுக்கும் எளாவூர்ச் சாவடியில் எழுபதுகளில் நான் குமாஸ்தா. அங்கிருந்த வாட்ச்மேனின் காக்கி அரைக்கால் சட்டைப் பைகளில் எப்போதும் கீரை பிதுங்கும். வேலியோரம் யாரும் சீண்டாத குப்பைக்கீரை, மூக்கிரட்டை, பேர் தெரியாத இலைகள். விஷமிருக்காது என்று, தம் ஆடு கடித்த செடியைத்தான் கிள்ளுவார். பூண்டு தட்டிப் போட்டு அவர் கடைந்து தரும் கீரைக்காகவே நான் வெறும் சோறு கொண்டுபோவேன்.

ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவப் போனபோது, அந்த ஆடு வயிறு ஊதி, வாயில் நுரையோடு செத்துக் கிடந்தது. அன்றைய கீரை கசந்ததுபோல் தோன்றியது.

“இன்னிக்கு எதைய்யா பறிச்சே?” என்று கத்தினேன்.

அவர் முகம் வெளுத்தது. “தெர்லியே சார்!”

அவர் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. உள்ளே போய், மீதிக் கீரையைச் சட்டியோடு வழித்துத் தின்றார்.

“இப்ப நானும் துன்ட்டேன். நீ ஒண்டியா பயந்துகினு இருக்காத சார்.”

இருவரும் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம்தான், பறிமுதல் செய்த அரிசி மூட்டை ஒன்று கிழிந்து கிடப்பதைப் பார்த்தோம். ஆடு அரிசியை முட்ட முட்டத் தின்று செத்திருக்கிறது.

கீரையில் விஷமில்லை என்று அப்போது அவருக்குத் தெரியாது. அவர் சட்டியை வழித்த சத்தம் இன்றும் என்னை நடுக்குகிறது.