வர மாட்டேன் என்று எழுதியவன் வந்த நாள்

ஐலி கங்காஸ் என் பக்கத்து வீட்டுக்காரி. சுப்பீரியர் ஏரியில் இரும்புத்தாது ஏற்றிப்போகும் கப்பல்களில் சமையல்காரியாக இருந்தவள். கேப்டனே அவளிடம் கேட்டுவிட்டுத்தான் அடுப்படிக்குள் கால் வைப்பார். ஓய்வு பெற்றபின் வீட்டில் சும்மா உட்கார முடியாமல், எங்கள் டுலூத் ஊர்க் கலைக்கூடத்தில் ஓர் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தாள்.

அறையில் இருந்தது ஒரு குவியல் ஈரக் களிமண்ணும் நாலைந்து மேசைகளும்தான். மாண்ட்ரியலிலிருந்து லூசியன் என்ற இளம் கலைஞன் எழுதி அனுப்பியதைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்: "விரும்பியதைச் செய்யுங்கள். ஒருவர் செய்ததை அடுத்தவர் மாற்றலாம். நான் வர மாட்டேன்."

முதலில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். "இதுல கலை எங்கம்மா இருக்கு?" என்றார் ஒருவர்.

"முதல்ல கைய வைங்க. அப்புறம் தேடலாம்," என்று ஐலி அவர் சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

ஜனவரிக்குள் அறை நிரம்பி வழிந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய வெண்டல் ஒரு தூக்குப்பாலம் கட்டினார். யாரோ அதன் மேல் ஒரு பெரிய மானை நிறுத்திவிட்டுப் போனார்கள். வெண்டல் வாய்விட்டுத் திட்டினார். பிறகு மானைத் தாங்கும்படி தூண்களைப் பருமனாக்கினார்.

ஒரு சனிக்கிழமை லூசியன் சொல்லாமல் வந்து நின்றான். செய்தித்தாள் படத்தில் பார்த்த முகத்தை யாரோ கண்டுகொண்டார்கள். அவ்வளவுதான், வேலை நின்றது. "நாங்க செய்றது சரியா?" "நீங்க மனசுல என்ன வச்சிருந்தீங்க?" என்று அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். வெண்டல் பாலத்தை உள்ளங்கையால் அமுக்கித் தட்டையாக்கிவிட்டு, "சும்மா விளையாட்டுக்குச் செஞ்சேன்," என்று அசடு வழிந்தார்.

ஐலிக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, கிளம்பு."

"இது என்னோட படைப்பும்மா."

"அப்போ வர மாட்டேன்னு எதுக்கு எழுதின? நல்லாத்தானே எழுதியிருக்க, அதுபடி நட."

"கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போறேனே. ஆசையா இருக்கு."

"இருக்கும். ஆனா நீ நிக்கிற வரைக்கும் இவங்க உன் மூஞ்சியத்தான் பாப்பாங்க, மண்ணப் பாக்க மாட்டாங்க."

சத்தம் கேட்டு வந்த கலைக்கூட இயக்குநருக்கு முகம் வெளிறிப்போயிற்று. லூசியன் காது சிவக்க நின்றான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கோட்டை மாட்டிக்கொண்டு பனியில் இறங்கிப் போனான்.

வெண்டல் சில நாள் தலைகாட்டவில்லை. ஐலி அவர் வீட்டுக்கே போய், "என்னய்யா, பாலம் தானா எழுந்து நிக்குமா?" என்று இழுத்துவந்தாள். இந்த முறை அவர் கட்டியது மேசை முழுக்க நீண்டது.

அடுத்த குளிர்காலத்தில் வின்னிபெக்கிலும் அதே போல ஓர் அறை. ஐலிதான் வந்து தொடங்கிவைக்க வேண்டும் என்று லூசியனே தொலைபேசியில் கேட்டான். வசந்தம் வரை இருக்கப்போவதாகச் சொல்லிப் போனவள், பனி உருகுமுன்பே வீடு திரும்பிவிட்டாள்.

"என்ன ஆச்சு, அங்கேயும் சண்டையா?" என்றேன், அன்று மாலை இருவரும் சீட்டாட உட்கார்ந்தபோது.

"சண்டை எதுக்கு? அவங்களே பாத்துக்கிறாங்க. அங்க எனக்கு என்ன வேலை? நீ சீட்டைக் கலை."