ரிலேவுக்கு வைத்த சந்தனம்

மண்ணூர் நாகப்பன் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் எலக்ட்ரீஷியன். வீட்டின் பின்னறையில், கம்ப்யூட்டர் சொல்கிறபடி அலுமினியத்தைச் செதுக்கும் சின்ன சிஎன்சி மிஷின் ஒன்றைத் தாமே செய்து வைத்திருந்தார். அதன் தூள் சமையலறைவரை பறந்தது.

"ரசத்துல இன்னாங்க மினுக்குது? இன்னொரு வாட்டி தூள் வந்துச்சின்னா உங்க மிஷின் மாட்டுக் கொட்டாய்க்குப் போயிடும்" என்றார் மனைவி லீலா.

கொட்டகை மழைக்கு ஒழுகும், கம்ப்யூட்டர் தாங்காது. ஆகவே நாகப்பன் தானாக இயங்கும் சுவிட்சான ரிலே போர்டு ஒன்றைச் செய்து மாட்டினார். மிஷின் செதுக்கத் தொடங்கினால் ரிலே தூளை உறிஞ்சும் வேக்குவம் கிளீனரை ஓட்டும். மிஷின் நின்றால் அதையும் நிறுத்தும்.

2004 ஆயுத பூஜையன்று லீலாவுக்கு அதைக் காட்ட ஏற்பாடு. மிஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்த நாகப்பன், பக்தி மிகுந்து, ரிலே போர்டிலும் ஈரச் சந்தனத்தைக் குழைத்துத் தடவிவிட்டார். பவரைப் போட்டதும் மிஷின் சும்மா நிற்க, வேக்குவம் மட்டும் அலறியது. தரையில் கிடந்த அதன் குழாய் வாழையிலைப் பொரியை மொத்தமாக இழுத்துக்கொண்டு, கதம்பப் பூச்சரத்துக்கும் வாயைத் திறந்தது.

நாகப்பன் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். "சந்தனத்து ஈரத்துல கரண்ட் பாஞ்சிடுச்சி லீலா" என்றார், முகம் தொங்க.

லீலாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "வருசா வருசம் பொரி பெருக்கியே என் இடுப்பு போச்சு. இது சுத்தமா பெருக்குதே. மிஷின் இங்கயே கெடக்கட்டும்."

நாகப்பன் இருந்தவரை அது அங்கேதான் இருந்தது.