நிலவறைக்குள் அர்காதி

ஃபைனாவுக்குப் பயம் கூடவே பிறந்தது. நாய், இடி, லிஃப்ட் என்று எல்லாவற்றுக்கும் நடுங்குவாள். சைபீரியாவின் அந்தச் சிற்றூர் ரொட்டிக்கூடத்தில் இருபது வருடம் மாவு பிசைந்தவள், அடுப்புப் பக்கம் மட்டும் போனதே இல்லை. எல்லாவற்றையும்விட அவளுக்குப் பயம், கொட்டகைக்கு அடியிலிருந்த நிலவறைதான். குளிர்காலம் முழுக்கச் சாப்பிட வேண்டிய உருளைக்கிழங்கும் கேரட்டும் பீட்ரூட்டும் அங்கேதான் கிடந்தன. போன வருடம் அடுத்த தெருவில் ஒரு வீட்டு நிலவறையில், அழுகிய கிழங்கு கிளப்பிய நச்சுக்காற்றில் அந்த வீட்டுக்காரர் விழுந்தார். தூக்கப் போன மகன்கள் இருவரும் அவர்மேலேயே விழுந்து செத்தார்கள்.

மார்ச்சில் கொட்டகைக்குள் புளித்த நாற்றம் அடிக்கத் தொடங்கியது.

"காத்துக்குழாய்ல பனி அடைச்சிருக்கு அர்காதி. அதைத் தட்டிவிடு. மெழுகுவத்தியைக் கயித்துல கட்டி இறக்கிப் பாரு. அணையலேன்னா அப்புறம் இறங்கு" என்றாள் கணவனிடம்.

"மெழுகுவத்தி ஏத்த இது என்ன சர்ச்சா? சூப்புக்கு நாலு பீட்ரூட் எடுக்கப் போறேன். நீ பயந்த கணக்குக்கு நான் இதுவரைக்கும் நாப்பது தடவை செத்திருக்கணும்."

நிலவறையை மூடியிருந்த பலகையைத் தூக்கிவிட்டு ஏணியில் இறங்கினான். தலை தரைமட்டத்துக்குக் கீழே போனதும், "பாரு, ஒண்ணுமி..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. ஏணிப்படிக்குள் ஒரு கை மாட்டிக்கொள்ள, அப்படியே தொங்கினான்.

அவள் கால் தானாக முதல் படியில் இறங்கிவிட்டது. அந்த மூன்று பேர் நினைவுக்கு வந்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கத்த வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. வாளியை எடுத்துக் கொட்டகையின் தகரக் கதவில் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

பனி தள்ளிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சவேலி ஓடிவந்தான். குனிந்து பார்த்தவன் இறங்கப் போனான். ஃபைனா அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

"விடுங்க அத்தை, ஆளு போயிடுவாரு!"

"நீயும் போயிடுவே. படுத்துக்கிட்டு மேலேர்ந்தே இழு. மூச்சு விடாதே."

அவன் மூச்சை அடக்கிக் குப்புறப் படுத்து, அர்காதியின் சட்டைக் காலரைப் பிடித்தான். அவள் அவனுடைய கால்கள்மேல் உட்கார்ந்துகொண்டாள். முதல் இழுப்பில் மாட்டியிருந்த கை விடுபட்டது. அடுத்ததில் ஆள் மேலே வந்தான். முகம் நீலம் பாரித்திருந்தது. வெளியே பனியில் போட்டு, கன்னத்தில் மாறிமாறி அறைந்தாள். வெகுநேரம் கழித்து இருமினான்.

மூன்று நாள் பலகையைத் திறந்தே போட்டு, குழாயைச் சுத்தம் செய்து, அழுகியதையெல்லாம் அள்ளிக் கொட்டினார்கள். இரண்டு மூட்டைதான் தேறியது.

இப்போதெல்லாம் மெழுகுவத்தியை இறக்கிப் பார்க்காமல் அர்காதி இறங்குவதில்லை. இறங்கினாலும், மேலே வரும்வரை பாடிக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினாலும் ஃபைனாவின் குரல் தெருவரை கேட்கும்.