விராலி வேலி

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் பக்கத்து வீட்டுக்காரர் தன் மாடி அறைகளை வாடகைக்கு விடுவார். தங்க வருகிறவர்களின் வேன்கள் என் முற்றத்தில் நிற்கும். தெருப்பக்கம் எனக்குச் சுவர் உண்டு. அவர் முற்றத்துக்கும் என் முற்றத்துக்கும் நடுவே எதுவும் கிடையாது. அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுத் திரும்பும் நான், என் வாசலுக்கு வண்டிகளுக்கு நடுவே ஒருக்களித்துப் போக வேண்டும். ஐந்தாவதோடு நின்றவன், நாலு பேர் முன்னால் பேச வராது. ஆனாலும் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“மண்ணு சும்மாதானலே கெடக்கு. வண்டி நின்னா தேஞ்சா போயிரும்?” என்றார்.

வேனில் வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குத் தலை நரைத்துவிட்டது, என்னைப் போய் ‘லே’ என்கிறார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. மறக்க விரும்பவும் இல்லை.

எல்லையில் செம்பருத்தி நட்டேன். அவர் தன் ஆடுகளை அவிழ்த்துவிட்டார். மறுநாள் குச்சிதான் நின்றது.

ஆடு தொடாத செடி எது என்று யோசித்தேன். ஆலங்குளம் பக்கம் ஒரு பொத்தையில், சின்னப் பாறைக்குன்றில், விராலி பார்த்திருக்கிறேன். கோடையில் சுற்றிலும் புல் கருகிக் கிடக்க, அது மட்டும் பாறை இடுக்கில் பச்சையாக நிற்கும். இலை பிசுபிசுக்கும், கசக்கும். காகிதம் போல இறக்கை வைத்த காய்களைப் பறித்து வந்து, விதையைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பைகளில் முளைக்கப் போட்டேன். சாரல் விழுந்ததும் நெருக்கமாக நட்டேன். முதல் கோடைக்கு மட்டும் குளித்த தண்ணீரைத் திருப்பிவிட்டேன். பிறகு அதுவும் தேவைப்படவில்லை.

ஆடுகள் வந்தன. மோந்து பார்த்துத் தும்மிவிட்டுத் திரும்பின. அவர் கம்பால் தட்டித் தட்டிச் செடிப்பக்கம் விரட்டினார், போகவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். என் கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

போன சீசனில் வேலி தோள் உயரம் வந்துவிட்டது. வேனை நிறுத்த இடமில்லாமல் ஒரு குடும்பம் அறையைப் பார்க்காமலே போய்விட்டது. அவர் சாரலில் நனைந்துகொண்டே என் வாசலுக்கு வந்தார். வேலியில் ஒரு செடி பட்டுப்போய்ச் சின்னச் சந்து விழுந்திருந்தது. அதைக் காட்டினார்.

“அதுக்குப் பக்கத்துல ரெண்டு செடிய மட்டும் எடுத்துரும் தம்பி. வண்டி நொழையத்தான் கேக்கேன்.”

“எடுக்க மாட்டேன் அண்ணாச்சி.”

என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

அவர் போகாமல் நின்றார். நான் கொல்லையில் மிச்சமிருந்த விராலிக் கன்றை எடுத்து வந்து, அவர் பார்க்கப் பார்க்க அந்தச் சந்தில் குழி தோண்டி நட்டு, மண்ணை மிதித்து இறுக்கினேன்.