'ஷொரோ' என்றால் ஸ்வரம் இல்லை

கல்கத்தாவில் குதிரை டிராம் ஓய்ந்து மின்சார டிராம் ஓடத் தொடங்கிய புதிது. மார்கழி மாதத்துக் காலை. பவானிபூரில் என் அண்ணா ஒரு கம்பெனியில் குமாஸ்தா. அவர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் பின்கட்டில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். நான் பிடில் வாசிக்கிறவன். வாரத்தில் பாதி நாள் ஒரு வங்காளி நாடகக் கொட்டகையில் வாசிப்பேன். மீதி நாள் நம்மவர் வீட்டுப் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பேன்.

என்னிடம் ஒரு கோணல் புத்தி உண்டு. காதில் எது விழுந்தாலும் அது என்ன சுருதி என்று பார்ப்பேன். தண்ணீர்க் குழாயின் முனகல், மீன் விற்கிறவன் குரல், விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக்கு வீடு ஊதுகிற சங்கு, எதையும் விட்டுவைப்பதில்லை. மனைவி வாணலியைக் கீழே வைத்தால், "மத்யமம்" என்பேன். "மோர்க்குழம்புல உப்பு இருக்கா இல்லையான்னு சொன்னாப் போறும்" என்பாள்.

அந்த வாரம்தான் தர்மதலாவில் ஒரு கடை வாசலில் முதன்முதலாகக் கிராமபோன் கேட்டேன். ஊமத்தம்பூ மாதிரி ஒரு குழாய். அதற்குள்ளிருந்து ஒருத்தி பாடுகிறாள், ஆளைக் காணோம்! பாட்டு பெட்டியிலேயே கிடைத்துவிட்டால் எங்களை யார் கூப்பிடப் போகிறார்கள் என்ற கவலை வராமல் இல்லை. ஆனால் கவலையைவிட மயக்கம்தான் அதிகம். ஊரில் உள்ள சத்தமெல்லாம் யாருக்கும் சொந்தமில்லாமல் காற்றில் சும்மா மிதந்துகொண்டிருப்பதாகத் தோன்றியது. நாலைந்து நாளாக அந்தக் கிறக்கத்திலேயே நடமாடிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொட்டகையில் என் பக்கத்தில் எஸ்ராஜ் என்ற வில்வாத்தியம் வாசிக்கும் வங்காளி நண்பர் ஒருவர் இருந்தார். எனக்கு வங்காளம் வந்ததெல்லாம் அவர் தயவில்தான், அதுவும் சங்கீத வழியாக. நம் ஸ்வரம் அவர்கள் வாயில் 'ஷொர்' ஆகிவிடும். நான் எங்கேயாவது பிசகினால் "ஷொர், ஷொர்" என்று முழங்கையால் இடிப்பார். கடையில் அரிசி பருப்பு கேட்கக்கூடத் திண்டாடுகிற எனக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் ரொம்பக் கெட்டி.

அன்று ஒத்திகைக்குக் கிளம்பினேன். தெருவெல்லாம் மூடுபனி. எதிர்வரிசை வீடுகளே தெரியவில்லை. டிராம் பாதையைக் கடக்கும்போது தலைக்கு மேலே கம்பி முனக ஆரம்பித்தது. வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே அந்தக் கம்பி பாடும். முதலில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. காலடியில் தண்டவாளமும் சேர்ந்துகொண்டது. மேலே ஒரு நாதம், கீழே ஒரு நாதம். இரண்டுக்கும் நடுவில் நின்று கேட்டால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. நின்றேன். பிடில் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். உள்ளே சஹானா தானாகவே ஓடத் தொடங்கியது. பனிக்குள் நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது.

டிங் டிங் என்று மணி அடித்தது. தாளத்துக்குச் சரியாகத்தான் விழுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வீரிட்டது: "ஷொரோ! ஷொரோ!"

ஸ்வரம், ஸ்வரம் என்கிறாளே, எந்த ஸ்வரத்தைச் சொல்கிறாள்? என் மனதுக்குள் ஓடுகிற சஹானாவில் எது பிசகியது, அது இவளுக்கு எப்படிக் கேட்டது? சத்தியமாக இதைத்தான் யோசித்தேன். வங்காளத்தில் 'ஷொரோ' என்றால் 'விலகு' என்று அர்த்தம். அதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

அடுத்த நொடி யாரோ என் குடுமியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார்கள். பெட்டியோடு மல்லாந்து விழுந்தேன். என் கால் விரலுக்கு அருகே டிராம் தடதடவென்று போயிற்று. கொஞ்ச தூரம் போய் நின்றது. பனிக்குள்ளிருந்து டிரைவர் என்னென்னவோ திட்டிவிட்டு மறுபடி கிளம்பினான்.

என் பக்கத்தில் ஓர் அம்மாள் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள். நடுத்தர வயது, வெள்ளைப் புடவை, ஈரத் தலை. காளிகாட் படித்துறையில் குளித்துவிட்டுப் பூஜைக்குக் கங்கை நீர் கொண்டு போகிற வழி. என்னை இழுக்கிற அவசரத்தில் போட்ட செம்பு உருண்டு கிடந்தது. தண்ணீர் முழுவதும் தெருவில்.

"கானே ஷோனோ நா, பாபா?" என்றாள். காது கேட்காதா அப்பா என்று.

"ஷுனேசி, மா" என்றேன். கேட்டது, அம்மா.

கேட்டதா? பிறகு ஏன் மரம் மாதிரி நின்றாய் என்றாள். பெட்டியைத் திறந்து பிடிலைக் காட்டி, எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், பிடிலைப் பார்த்தாள். பிறகு பாருங்கள், ஒரு சிரிப்பு! தெருவோரத்தில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவன் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அவள் பிடித்து இழுத்த அதே குடுமியின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

செம்பை நான் எடுத்துக்கொண்டு அவளோடு படித்துறைக்குப் போனேன். என்னைத் தொட்டதில் மடி போயிற்றே, அந்தக் குளிரில் மறுபடி முங்கினாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் மேல்படியில் உட்கார்ந்திருந்தேன். கங்கையின் பழைய கிளையான ஆதி கங்கையின் மேல் பனி மெல்லக் கலைந்துகொண்டிருந்தது. ஒரு படகு போனது, துடுப்புச் சத்தம் கேட்டது. அது என்ன சுருதி என்று மனம் கேட்கவே இல்லை. எனக்கு வரப்போகிற குழந்தையின் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக நினைத்துப் பார்த்தேன். அப்போதுதான் பயமும் வந்தது.

அவள் செம்பை நிரப்பிக்கொண்டதும், "ஆஷி, மா" என்றேன். போகிறேன் என்று சொல்லாமல் வருகிறேன் என்று சொல்லும் வழக்கம் நம்மைப் போலவே அவர்களுக்கும் உண்டு. "எஷோ, பாபா", வா அப்பா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒத்திகைக்குப் போகவில்லை. வேஷ்டியெல்லாம் சேறாக வீட்டுக்கு வந்து நின்றேன். மனைவியிடம் மறைக்கத் தெரியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை உட்கார வைத்து, கலைந்திருந்த குடுமியை அவிழ்த்து, எண்ணெய் தொட்டு, தன் கையால் முடிந்துவிட்டாள்.

"அந்த மாமி எங்கே இருக்கான்னு கேட்டு வச்சுண்டேளா?"

"கேக்கலையே."

"நன்னா இருக்கணும் அவ" என்றாள்.

அதற்குப் பிறகு பல காலைகளில் அதே இடத்தில் ஓரமாக நின்று பார்த்தேன். அந்த அம்மாளை மறுபடி காணவே முடியவில்லை. பங்குனி முடிந்து சித்திரையில் எங்களுக்குப் பெண் பிறந்தாள். குழந்தை முதன்முதலில் அழுதபோது எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள், என்ன சுருதி என்று சொல்வேனென்று. எனக்கு அழத்தான் தெரிந்தது.

இந்த ஊரில் கேட்ட சத்தங்களில் பாதியை இன்றும் என்னால் பிடிலில் வாசித்துக்காட்ட முடியும். ஆனால் பனிக்குள் அவள் எந்த ஸ்வரத்தில் கத்தினாள் என்று கேட்டால் மட்டும் எனக்குச் சொல்லத் தெரியாது. முன்பின் தெரியாத என்னைச் சாகவிடக் கூடாது என்று கத்தினாள், அவ்வளவுதான் தெரியும்.